மாலதி கட்டிய கீரைக்கட்டு

போன வசந்தத்தில் அருங்காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்தது. நான் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. என்னைத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பேசிய பெண் பொருள் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். பழைய சேகரிப்புகளில் எல்லாம் விஷம் ஏறியிருக்கிறதாம், எதற்கு எதைப் பூசினோம் என்று வந்து சொல்ல முடியுமா என்று கேட்டாள். போனேன். வெள்ளை உடுப்பு, முகமூடி, இரண்டு அடுக்குக் கையுறை என்று சந்திரனுக்குப் புறப்பட்டவர்கள் போல நின்றார்கள். நாங்கள் ஒரு பருத்தி மேலங்கியைப் போட்டுக்கொண்டு, மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு செய்த வேலை அது. முழுக்கச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று கொஞ்சம் குறைத்தே சொன்னேன்.

புறப்படும்போது அந்தப் பெண், உங்கள் வேலையிலேயே மிகவும் கஷ்டமாக இருந்த பொருள் எது என்று கேட்டாள். இறகுக் கிரீடம், நைந்த பட்டு என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பாள். ஒரு கீரைக்கட்டு என்றேன். சிரித்தாள். நின்று விளக்க அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அவளால் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

எனக்கு ஊர் மாயவரம். லுத்தரன் சபைக் குடும்பம். எங்கள் சபைக்கு லைப்சிக்கோடு பழைய உறவு என்பதால், ஜெர்மனி என்றாலே என் அப்பாவுக்கு லைப்சிக்தான். இவருக்கு, அதாவது என் கணவர் சாமுவேலுக்கு, ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததோ மேற்கு ஜெர்மனியில். அறுபதுகளின் தொடக்கம் அது. லைப்சிக் கிழக்கில் இருந்தது, நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். லைப்சிக்கைப் பார்க்காமல் அதென்ன ஜெர்மனி என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

இவர் ஆராய்ச்சி செய்ய வந்தார். நான் இவருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட வந்தேன். ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டேன். வேதியியல் படித்துவிட்டு இதற்குமேல் தாங்காது என்று தோன்றியபோது, நகரத்து அருங்காட்சியகத்தில் ஆய்வுக்கூட உதவியாள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பிற தேசத்து மக்களின் பொருட்களைச் சேர்த்து வைத்திருந்த இடம் அது. பாட்டில் கழுவப் போனவளை அவர்களே பயிற்சிக்கு அனுப்பினார்கள். மரம், துணி, தோல், இறகு, உலோகம் என்று வரிசையாகக் கற்றேன். ஜெர்மன் மொழியையும் அப்படித்தான் கற்றேன். வாழ்த்துச் சொல்லத் தெரிவதற்கு முன்பே எனக்குப் பூச்சிகளின் பெயர்கள் எல்லாம் ஜெர்மனில் தெரியும்.

என் மேலதிகாரி ஃப்ராவ் லிண்டமான். வீட்டில் நாங்கள் லிண்டமான் அம்மாள் என்போம். அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. நாம் ஒன்றைத் தவறாகச் செய்தால், நம் கையிலிருந்து தூரிகையை வாங்கி, அதைத் தாமே சரியாகச் செய்து காட்டி, தூரிகையை நம் கையில் தராமல் மேசைமேல் வைப்பார். அவ்வளவுதான் திட்டு. மதியத்தில் ஒரு ஆப்பிளைச் சின்னக் கத்தியால் கண்ணாடி போல மெலிதாக அரிந்து தின்பார். ஒரு துண்டு மட்டும் தட்டின் ஓரத்தில் மிஞ்சும். அது எனக்கு என்று புரிந்துகொள்ள எனக்கே சில மாதங்கள் ஆயின. அவருடைய கணவர் போரில் கிழக்கு முனைக்குப் போனவர், திரும்பவில்லை. இறந்தார் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. இறந்ததாக அறிவிக்கச் சொல்லி மனுக் கொடுத்தால் சில சலுகைகள் கிடைக்கும் என்று அலுவலகத்தில் எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். அந்த மனுவை அவர் கொடுக்கவே இல்லை.

எங்கள் வேலை முறை இது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தால் அதை யாரும் தொடக் கூடாது. நேராகப் பின்கட்டு அறைக்கு வரும். அங்கே ஆள் உயரத்தில் ஒரு இரும்பு அலமாரி. பெட்டியோடு உள்ளே வைத்துக் கதவைத் திருகிப் பூட்டி விஷவாயுவைத் திறந்துவிடுவோம். பூச்சி, முட்டை, புழு எல்லாம் சாகும். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தூசு தட்டி, வகை பிரிப்போம். இறகுக்கும் தோலுக்கும் பாஷாணம். உலர்ந்த செடி, விதை, இலை என்றால் நம் ஊர்ச் சித்த வைத்தியர்கள் வீரம் என்று சொல்வார்களே, அந்தப் பாதரச உப்பைச் சாராயத்தில் கரைத்துத் தோய்த்து எடுப்போம். காய்ந்த பிறகு பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கட்டிவிட வேண்டும். அந்த அறைச் சாவியை லிண்டமான் அம்மாள் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருப்பார். அவர் விடுப்பில் போனால் சங்கிலி என் கழுத்துக்கு வரும். தாலிக்கு மேல் இன்னொரு தாலி என்று இவர் கேலி செய்வார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வீடு எங்களிடம் வந்து சேர்ந்தது. அசாமில், பூட்டான் மலையடிவாரத்தில், போடோ மக்களின் கிராமம் ஒன்று. எங்கள் நகரத்துப் பேராசிரியர் ஒருவர் அங்கே நெடுநாள் தங்கி ஆராய்ச்சி செய்தவர். அந்தக் கிராமத்து வாழ்க்கையை முழுசாகக் காட்ட வேண்டும், வீட்டையே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஊர் கூடிப் பேசி, பள்ளிக்கூட வாத்தியார் உபேன் நார்ஜாரியின் வீட்டைக் கொடுக்க முடிவு செய்தது. ஊரே சேர்ந்து வீட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஊரே சேர்ந்து உபேனுக்குப் புது வீடும் கட்டிவிட்டதாம். மூங்கில் தட்டிகள், தறி, மீன்பொறி, நெல் குதிர், உலக்கை, கரி பிடித்த சட்டி எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தன. அவற்றைச் சரியாகப் பூட்டிக் கட்ட உபேனையும் பேராசிரியர் அழைத்து வந்தார். மனைவி மாலதியையும் சின்னப் பெண்ணையும் ஊரில் விட்டுவிட்டு வந்தார் உபேன்.

உபேனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குள்ளமாக, உறுதியாக இருப்பார். பல் தெரியாமல் சிரிப்பார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. இரண்டு இந்தியர்கள் ஜெர்மனியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். இங்கே அதை என் பேச்சுத் தமிழாக்கி எழுதுகிறேன். என்னைப் பார்த்த முதல் நாளிலேயே 'பாய்தேவ்' என்று கூப்பிட்டார். அசாமில் அக்காவை அப்படிச் சொல்வார்கள்.

கூடத்தில் கம்பங்கள் நட்டாயிற்று. கூரையை ஏற்ற வேண்டும். நகராட்சித் தச்சர்கள் இருவர் ஏணியோடு வந்து நின்றார்கள். உபேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன யோசனை உபேன்? அவங்க காத்துட்டு இருக்காங்க" என்றேன்.

"ரெண்டு பேரு ஏத்துற கூரை இல்ல பாய்தேவ் இது. ஊர் ஏத்தணும்."

"இங்க ஊருக்கு எங்க போறது?"

"இத்தனை பேரு வேலை செய்யுறாங்களே இங்க, இவங்கதான் ஊரு."

அவர்கள் கிராமத்தில் இதற்கு சாவ்ரி என்று பேர். ஒரு வீட்டில் பெரிய வேலை என்றால் வீட்டுக்காரர் வாசல் வாசலாகப் போய் அழைப்பார். கூலி கிடையாது. வயிறாரச் சாப்பாடும், ஜௌ என்கிற அரிசிக் கள்ளும் உண்டு. நாளை இன்னொருவர் அழைத்தால் இவர் போக வேண்டும். வாய்க்காலும் அப்படித்தான். மலையிலிருந்து இறங்கும் ஆற்றைக் கல்லும் மூங்கிலும் போட்டு மறித்து ஊர் வயல்களுக்குத் திருப்புவார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும். வராத வீட்டு வயலுக்குத் தண்ணீர் வராது.

உபேன் அருங்காட்சியகத்தில் அறை அறையாக ஏறி இறங்கினார். வாயில் காவலர், கணக்கர், தரை துடைக்கும் பெண்கள், இயக்குநர் எல்லாரையும் கைகூப்பி அழைத்தார். ஜெர்மன்காரர்கள் வருவார்களா என்று எனக்குச் சந்தேகம். சனிக்கிழமை பார்த்தால் கூட்டம் சேர்ந்துவிட்டது. இயக்குநர் மட்டும் வரவில்லை. யாராவது விழுந்தால் காப்பீடு யார் தருவது என்று கவலைப்பட்டுக்கொண்டு மாடியிலேயே இருந்துவிட்டார். லிண்டமான் அம்மாள் ஆய்வுக்கூட அங்கியோடு வந்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினார். கூரை ஏறியது. உபேன் சமைத்த பன்றிக்கறியும் சோறும் தின்றோம். ஜௌவுக்குப் பதில் பீர். அந்தக் கட்டடத்தில் நான் பார்த்த நல்ல நாட்களில் அது ஒன்று.

முற்றத்தில் சிஜௌ நடும் விஷயத்தில்தான் தகராறு வந்தது. சிஜௌ என்பது நம் கள்ளிச்செடி ஜாதி. அதற்கு ஐந்து விளிம்புகள். அதுதான் அவர்களுக்குப் பாதௌ என்ற கடவுளின் இருப்பிடம். சுற்றி மூங்கில் வேலி கட்டி, தினமும் மெழுகிப் பெருக்கி விளக்கு வைப்பார்கள். தாவரத் தோட்டத்திலிருந்து பேராசிரியர் ஒரு செடியை வாங்கி வந்துவிட்டார். உபேன் தொட மறுத்தார்.

"நட்டா தினமும் ஒருத்தர் பார்க்கணும். நான் ஊருக்குப் போன பிறகு யாரு பார்ப்பாங்க?"

காவலர்கள் தண்ணீர் விடுவார்கள் என்றார் பேராசிரியர். தண்ணீர் மட்டும் போதாது என்றார் உபேன். கடைசியில் சுண்ணாம்புச் சாந்தில் ஒரு செடி செய்து வைத்தோம். அதற்கு நான்தான் பச்சை அடித்தேன். பொம்மைச் செடி என்றால் பரவாயில்லை என்று உபேனும் சரி என்றுவிட்டார்.

ஒவ்வொரு பொருளாக அவர் சொல்லச் சொல்ல அந்தக் கிராமம் எனக்குப் பழகிப் போயிற்று. ஆமணக்கு இலை தின்னும் பட்டுப்புழுவை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பார்கள். கூட்டிலிருந்து நூல் எடுத்துப் போர்வை நெய்வார்கள், உள்ளே இருக்கும் புழுவை வறுத்துத் தின்பார்கள். நெய்யத் தெரியாத பெண் அங்கே இல்லை. தறியில் பாதி நெய்த துணியோடுதான் மாலதி அதைக் கொடுத்திருந்தாள். மார்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றும் மஞ்சள் தொகனா, மலைமலையாகக் கரை போட்டது. முழுசாக நெய்து கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். "பாதியில இருந்தாத்தான் நெய்யுற வீடுன்னு தெரியும்னு சொன்னா. நாங்க யாரும் யோசிக்கல, அவதான் யோசிச்சா" என்று சொல்லிவிட்டு உபேன் வெட்கப்பட்டார். மனைவியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருக்கு வெட்கம் வந்துவிடும். நாங்கள் வேண்டுமென்றே பேச்சை அங்கே கொண்டுபோவோம்.

அடுப்படிப் பொருட்களோடு ஒரு காய்ந்த கீரைக்கட்டும் வந்திருந்தது. மூங்கில் நாரால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியது. அதுவும் மாலதி கட்டியதுதான். சணல் செடியின் இலை, அவர்கள் பேச்சில் நார்ஜி. பச்சையாகவும் சமைப்பார்கள், கசப்பு வகையைக் காயவைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டும் வைப்பார்கள். உபேனின் குலப்பெயர் நார்ஜாரி என்பதே அந்த இலையிலிருந்து வந்ததுதானாம். உங்களுக்குக் கீரையா குலதெய்வம் என்று கேலி செய்தேன். அந்தக் கட்டும் இரும்பு அலமாரிக்குள் போய் வந்தது. பிறகு வீரக் கரைசலில் தோய்ந்தது. தோய்த்தவள் நான். முறைப்படி செய்த வேலை, இன்றைக்கும் அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

திறப்பு விழாவுக்கு நாள் நெருங்கியிருந்த ஒரு குளிர்கால முற்பகல். உபேன் எங்கள் வேலை மேசையில் மீன்பொறியின் வாய்க்கு நார் பின்னிக்கொண்டிருந்தார். பேராசிரியர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கையில் தந்தி. பக்கத்து ஊர் தபால் நிலையத்தில் உபேனின் தம்பி கொடுத்தது, சுற்றிச் சுற்றித் தாமதமாக வந்து சேர்ந்திருந்தது. மாலதி காய்ச்சலில் இறந்துவிட்டாள், காரியங்கள் முடிந்துவிட்டன. அவ்வளவுதான் அதில்.

உபேன் பின்னிக்கொண்டிருந்த சுற்றை முடித்தார், முடிச்சுப் போட்டார், மிச்ச நாரைப் பல்லால் கடித்தார். நான் அழுதுவிட்டேன். பேராசிரியர் ஏதேதோ சொன்னார், விமானச் சீட்டைப் பற்றி, விழா முடிந்த உடனே அனுப்பிவைப்பதைப் பற்றி. உபேன் எழுந்து என்னிடம் வந்தார்.

"பாய்தேவ், அந்த நார்ஜி கட்டைக் கொடுங்க."

அவர் ஊரில் இறந்தவரை எரித்துவிட்டு வந்ததும், குளித்து, தீயைத் தாண்டி, கசக்கும் நார்ஜி இலையை மெல்லுவார்கள். மென்று துப்பிவிட்டு, இன்றோடு உன் வழி வேறு எங்கள் வழி வேறு என்று சொல்லுவார்கள். அந்தக் கசப்போடு உறவு அறும். கணவன் தன் வாயால் மெல்ல வேண்டும். தம்பியோ ஊரோ அவனுக்காக அதைச் செய்ய முடியாது.

"செய்யலேன்னா?" என்று கேட்டேன்.

"அவ போகாம வாசல்லயே நிப்பா. திரும்பித் திரும்பிப் பார்ப்பா. பொண்ணு அம்மாவை விட்டு இருந்ததே இல்ல பாய்தேவ். அவ கூப்பிட்டா பொண்ணு போயிடும். எங்க ஊர்ல அப்படி நடந்திருக்கு."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். ஆனால் ஒரு தகப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே நிற்கும்போது என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் கட்டு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. விஷ அறைக்குள் அவரை விட்டதில்லை. பொருட்களைச் சுத்தம் செய்கிறோம் என்றுதான் சொல்லியிருந்தோம்.

லிண்டமான் அம்மாளிடம் போனேன். அவர் வந்து உபேனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாருக்காகவும் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அதில் விஷம் இருக்கிறது. கழுவினால் போகாது. ஒரு இலையை வாயில் போட்டாலும் உங்களுக்கு ஆபத்து."

"என் பெண்டாட்டி கட்டினது. என் வீட்டு அடுப்புல தொங்கினது" என்றார் உபேன்.

"தெரியும்."

"அப்போ யாரு விஷம் வைக்கச் சொன்னது?"

நான் மொழிபெயர்த்தேன். "பூச்சி அரிக்கக் கூடாது என்று செய்தோம். நூறு வருடம் இருக்க வேண்டும் என்று" என்றார் அம்மாள். அதையும் மொழிபெயர்த்தேன். உபேன் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேலைக்கு வருவார், சொன்னதைச் செய்வார், மதியத்தில் கண்ணாடி அலமாரிக்கு எதிரே போய் நிற்பார். கட்டு உள்ளே தெரியும். சிவப்புச் சீட்டும் தெரியும். எங்கே உடைத்துவிடுவாரோ என்று பேராசிரியர் பயந்தார். நான் அதற்கு மேலும் ஒன்றுக்குப் பயந்தேன். அலமாரிச் சாவியை லிண்டமான் அம்மாள் கழுத்துச் சங்கிலியில் சேர்த்து மாட்டிக்கொண்டார்.

ஊருக்குப் போய் மெல்லக் கூடாதா என்று கேட்டேன். மெல்லாமல் ஊருக்குள் நுழைந்தால் வாசலில் நிற்பவள் தன்னோடேயே வீட்டுக்குள் வந்துவிடுவாள் என்றார். அவருக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை.

தாவரத் தோட்டத்துக்குப் போனேன். பயன்தரும் செடிகளின் கண்ணாடி வீட்டில் சணலும் உண்டு என்று தோட்டக்காரர் சொன்னபோது ஓடிப்போய்க் கும்பிடலாம் போல இருந்தது. அவர் ஒரு விதை உறையை எடுத்துக் காட்டினார். வசந்தத்தில்தான் விதைப்பார்களாம். குளிர்காலத்தில் வெறும் மண்தொட்டிதான்.

"என்னம்மா நீ, ஒரு வாரமா வீட்ல இருந்தும் இல்லாத மாதிரியே இருக்கே" என்றார் இவர், இராத்திரிச் சாப்பாட்டின்போது. சொன்னேன். இவர் தட்டில் கோலம் போட்டுக்கொண்டே கேட்டார். திடீரென்று நிமிர்ந்தார்.

"சணல் இலைதானே? எங்க லேப்ல ஃபவ்ஸி இருக்கான்ல, எகிப்துக்காரன். அவன் வைஃப் ஒரு சூப் வைப்பாங்க, கொழகொழன்னு. அது ஜூட் லீஃப்னுதான் சொன்னான். காயவச்சு ஊர்ல இருந்து அனுப்புவாங்களாம்."

"இதை இப்பதான் சொல்லுவீங்களா?"

"நீ இப்பதானே கேக்குறே?"

அப்போதே கிளம்பி ஃபவ்ஸியின் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி அடுக்களைக்குள் போய், அவள் அம்மா தைத்து அனுப்பிய துணிப்பையை அப்படியே கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கொஞ்சம் போதும் என்றேன். துக்கத்துக்குக் கேட்டதை அளந்து கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. உபேனை அருங்காட்சியகத்தின் பின்முற்றத்துக்கு வரச் சொன்னேன், சைக்கிள்கள் நிறுத்தும் இடம். லிண்டமான் அம்மாளிடமும் முற்றத்துச் சாவிக்காகச் சொல்ல வேண்டியிருந்தது. சாவியைக் கொடுத்து அனுப்புவார் என்று நினைத்தேன். கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

உபேன் குளித்து ஈரத் தலையோடு அந்தப் பனியில் நின்றார். பையைப் பிரித்து ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார். "நார்ஜிதான்" என்றார். தந்தி வந்த நாளிலிருந்து அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. ஒரு தகர டப்பாவில் காகிதத்தைப் போட்டுக் கொளுத்தினோம். அவர் அதைத் தாண்டினார்.

"கிழக்கு எது?" என்று கேட்டார். அவர் ஊர் இருக்கும் திசை.

நான் சூரியனைத் தேடினேன். மேகம் மூடியிருந்தது. லிண்டமான் அம்மாள் யோசிக்காமல் கை நீட்டிக் காட்டினார். அந்தத் திசை அவருக்கு இத்தனை நன்றாகத் தெரிந்திருப்பது ஏன் என்று நான் கேட்கவில்லை.

"தனியா மெல்லக் கூடாது பாய்தேவ். கூட நிக்கிறவங்களும் மெல்லணும். ஊரோட உறவும் அறணும் அவளுக்கு."

நான் அம்மாளைப் பார்த்தேன். உபேன் சொன்னதை ஜெர்மனில் சொன்னேன். சொந்தக் கணவனைச் செத்தவனாக எழுதிக்கொடுக்க மாட்டேன் என்று இத்தனை வருடம் இருந்தவரிடம் இதைக் கேட்பதற்கு எனக்கே கூசியது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையை நீட்டினார். உபேன் அதில் இலைகளை வைத்தார்.

மூவரும் கிழக்கே பார்த்து நின்று மென்றோம். அம்மாள் எதையும் எப்படிச் செய்வாரோ அப்படியே, அவசரமில்லாமல், நன்றாக மென்றார். என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிப் பனியில் துப்பினார். வாழ்க்கையில் அவர் துப்பியது அது ஒரு முறையாகத்தான் இருக்கும். "இன்றோடு உன் வழி வேறு, எங்கள் வழி வேறு" என்று ஜெர்மனில் சொன்னார். நானும் துப்பினேன், தமிழில் சொன்னேன். வாய் முழுக்க வழவழப்பும் லேசான புல் வாசமும்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஒன்று குறைகிறது என்று.

உபேன் மென்றுகொண்டே இருந்தார். வாய் மெதுவாகி நின்றுவிட்டது. இன்னும் ஒரு பிடி இலையை அள்ளி வாயில் போட்டு மென்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பாய்தேவ், கசக்கல."

எகிப்தில் சமையலுக்கென்றே வளர்க்கும் வகை அது. கசப்பில்லாத ஜாதி. வசந்தம் வந்ததும் விதைக்கலாம் என்றேன், கல்கத்தாவிலிருந்து வரவழைக்கலாம் என்றேன், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வாயில் இருந்ததைத் துப்புவார் என்று காத்திருந்தோம். விழுங்கினார். கடைசி இலைவரைக்கும் விழுங்கிவிட்டு, கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும். பொண்ணை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எங்களிடம் இல்லை. முகம்கூடப் பார்த்திராத மாலதியோடு எனக்கும் லிண்டமான் அம்மாளுக்கும் இருந்த உறவு அன்றைக்கு முறைப்படி அறுந்தது. உபேனுக்கு அறவில்லை.